இகுவானா சுட எந்த ஏர் ரைபிள் வாங்கலாம்?

கேள்வி இதுதான்: தெற்கு ஃபுளோரிடாவில் கால்வாய் ஓரம் வீடு வாங்கியிருக்கிறார்கள். கொல்லை முழுக்க இகுவானா என்கிற பெரிய பல்லி. செம்பருத்திச் செடி மொட்டை, கரையெல்லாம் வளை, நீச்சல் குளத்தைச் சுற்றி எச்சம். ஏர் ரைபிள் வாங்கிச் சுடச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எதை வாங்குவது? அது துடிக்காமல் சாக வேண்டும், யாருக்கும் ஆபத்து வரக்கூடாது.

நம்மில் பலர் ஏர் ரைபிளை முதலில் தொட்டது மெரினாவிலோ பொருட்காட்சியிலோ பலூன் சுடத்தான். பலூனில் எங்கே பட்டாலும் வெடிக்கும், நாலு சுட்டு இரண்டு வெடித்தாலே நமக்குப் பெருமை. இகுவானா விஷயத்தில் இந்தப் பழக்கத்தை அடியோடு மறக்க வேண்டும். ஐந்தடி நீளம், ஆண் என்றால் 17 பவுண்டு வரை எடை. இவ்வளவு பெரிய உடம்பில் நீங்கள் சுடத் தகுந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அது மூளை, கிட்டத்தட்ட ஒரு வேர்க்கடலைப் பருப்பு அளவு. எந்தத் துப்பாக்கி என்ற கேள்வியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஏன் மூளை மட்டும்? ஊர்வனவற்றின் உடம்பு நம்முடையதைப் போல் வேலை செய்வதில்லை. ஆக்சிஜன் இல்லாமலும் அவற்றின் மூளை வெகுநேரம் தாங்கும். தலையைத் துண்டித்தாலும் அந்தத் தலைக்குள் உணர்வு சிறிது நேரம் இருக்கும் என்பதால்தான், தலையை வெட்டினால் போதாது, மூளையையும் அழிக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். நெஞ்சில் சுட்டால் கடைசியில் சாகும்தான். ஆனால் அதற்குள் தண்ணீரில் பாய்ந்து, அடியில் போய் ஒளிந்து, மணிக்கணக்கில் கிடந்து சாகும். உங்கள் கைக்கு அது வரவே வராது.

எனக்கு அப்படி ஒன்று நடந்தது. இங்கே வந்த புதிதில் கடையில் மலிவாகக் கிடைத்த .177 (குழலின் உள்விட்டம், அங்குலத்தில்) ஸ்பிரிங் துப்பாக்கி ஒன்றை வாங்கினேன். பெட்டியில் '1200 அடி வேகம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நண்பர் வீட்டுப் படகுத்துறையில் ஒரு பெரிய ஆண் வெயில் காய்ந்துகொண்டிருந்தது, முப்பது அடிகூட இருக்காது. கன்னத்தில் வட்டமாக, பளபளவென்று ஒரு பெரிய செதில் தெரிந்தது. காது அதுதான் என்று நினைத்து அதன் நடுவில் வைத்துச் சுட்டேன். தாடை உடைந்தது. வாயைத் திறந்தபடி ஒரு விநாடி என்னைப் பார்த்துவிட்டுக் கால்வாயில் குதித்தது. அன்று மாலை வரை கரையில் நடந்து தேடினேன், கிடைக்கவில்லை.

அந்த வட்டச் செதில் காது இல்லை. பச்சை இகுவானாவுக்கே உரிய கன்னத் தட்டு அது. காதுக்குக் கீழே, தாடை மூலையில் இருக்கும். புதிதாகச் சுடுபவர்களின் கண் நேராக அங்கேதான் போகும். உண்மையான காது அதற்கு மேலே, கண்ணுக்குப் பின்னால், மெல்லிய சவ்வு மூடிய வட்டம். பக்கவாட்டில் நிற்கிறது என்றால், கண்ணின் பின் விளிம்புக்கும் அந்தச் சவ்வுக்கும் நடுவில், ஒரு நூல் மேலே குறி வைக்க வேண்டும். முகத்தை நேராகக் காட்டிக்கொண்டோ வாலைக் காட்டிக்கொண்டோ இருந்தால் சுடாதீர்கள். காத்திருங்கள். வெயில் காய வந்த இகுவானா சீக்கிரம் எங்கேயும் போகாது, தலையைத் திருப்பும்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். பெட்டியில் எழுதியிருக்கும் வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள். இறகு கனத்தில் ஒரு கலப்பு உலோகக் குண்டைப் போட்டு எடுத்த எண் அது. பெல்லட் என்கிற, இடுப்பு சிறுத்த ஏர் ரைபிள் குண்டு ஒலியின் வேகத்தை நெருங்கினாலே தள்ளாட ஆரம்பிக்கும். விநாடிக்கு 900 அடிக்குக் கீழே, நல்ல கனமான ஈயக் குண்டு, ஒரே துளையில் திரும்பத் திரும்ப விழ வேண்டும். அதுதான் வேண்டியது.

சக்தியைக் கணக்குப் போடுவது எளிது. குண்டின் எடையை கிரெய்ன் என்கிற சின்ன எடை அளவில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 450240-ஆல் வகுத்தால் சக்தி அடி-பவுண்டு கணக்கில் வரும். 14.3 கிரெய்ன் எடையுள்ள .22 குண்டு 700 அடி வேகத்தில் வந்தால் ஏறத்தாழ 15.6. இது நல்ல ஸ்பிரிங் துப்பாக்கியின் கணக்கு. 18 கிரெய்ன் குண்டு 890 அடி வேகத்தில் வந்தால் 32-ஐ ஒட்டி வரும். இது காற்றடைத்த .22-இன் கணக்கு. அதே வகையில் .25 எடுத்து 25 கிரெய்ன் குண்டு போட்டால் 42 அளவுக்குப் போகும்.

என் கருத்து: கொல்லையில் சுடுபவருக்கு .22 போதும். .177-ஆலும் மூளையில் சரியாகப் பட்டால் சாகும். ஆனால் அரை அங்குலம் பிசகினால் மன்னிக்காது. .25 கொஞ்சம் மன்னிக்கும், ஆனால் மண்டையைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகிற வாய்ப்பும் கூடும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அது நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும். .30-உம் அதற்கு மேலும் வீடுகள் நெருங்கிய தெருவுக்குத் தேவையே இல்லை. துப்பாக்கிக் கடையில் ஆசை காட்டுவார்கள், சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது வகை. ஸ்பிரிங் வகை நம் பலூன் துப்பாக்கியின் அண்ணன். குழலை மடித்து, ஸ்பிரிங்கை இறுக்கி, ஒரு குண்டு போட்டுச் சுட வேண்டும். டயானா 34, வைராக் எச்.டபிள்யூ. 95 போன்றவை தலைமுறை தாண்டி உழைக்கும். வேறு எந்தச் சாமானும் வேண்டாம். ஆனால் ஒரு சிக்கல். விசையை அழுத்தியதும் உள்ளே பிஸ்டன் முன்னால் பாய்கிறது, குண்டு குழலை விட்டுப் போகும் முன்பே துப்பாக்கி குதித்துவிடும். அதனால் இறுக்கிப் பிடித்தால் ஒரு இடத்திலும், தளர்த்திப் பிடித்தால் வேறு இடத்திலும் குண்டு விழும். முன் கையைத் தட்டு மாதிரி விரித்து, துப்பாக்கியை அதன்மேல் வெறுமனே கிடத்திச் சுடப் பழக வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் பயிற்சி ஆகும். வேலிக் கம்பியில் சாய்த்து வைத்துச் சுட்டால் எல்லாம் போச்சு. ஸ்பிரிங் துப்பாக்கியின் முன்னும் பின்னுமான இந்த உதறல், குறி பார்க்க மேலே பொருத்தும் தொலைநோக்கியான ஸ்கோப்பில் சாதாரண வகையை உடைத்துவிடும். ஏர் ரைபிளுக்கென்றே செய்த ஸ்கோப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். குண்டு போடாமல் வெறுமனே விசையை அழுத்திப் பார்க்கவும் கூடாது, பிஸ்டன் போய் மோதிக் கெட்டுவிடும்.

இன்னொரு வகை பி.சி.பி. என்பார்கள். துப்பாக்கியோடு சேர்ந்த உருளையில் காற்றை முன்கூட்டியே அடைத்து வைத்துக்கொள்வது. 200 முதல் 300 பார் வரை அழுத்தம், உங்கள் கார் டயரில் இருப்பதைப்போல் நூறு மடங்கு. உதறல் கிட்டத்தட்ட இல்லை. மேசையில் சாய்த்து நிதானமாகக் குறி வைக்கலாம். அடுத்த குண்டு மேகசினில் தயாராக இருக்கும். பெஞ்சமின் மராடர், உமரெக்ஸ் கான்ட்லெட், கொஞ்சம் செலவு செய்தால் ஏர் ஆர்ம்ஸ் எஸ்510 என்று நிறைய உண்டு. புதியவருக்கு நான் சொல்வது இதைத்தான். துப்பாக்கியின் விலையோடு கணக்கு முடிவதில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். காற்றடைக்கக் கைப்பம்போ, சிலிண்டரோ, சின்ன கம்ப்ரசரோ வேண்டும். கைப்பம்பு அடிப்பது மே மாத வெயிலில் கிணற்றில் இறைக்கிற மாதிரி. முதல் வாரம் உற்சாகமாக அடிப்பீர்கள், அப்புறம் கம்ப்ரசர் தேட ஆரம்பிப்பீர்கள். காற்றின் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் இருக்கிற மாடலாக இருந்தால் முதல் குண்டுக்கும் இருபதாவது குண்டுக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் வராது. குழலைச் சுற்றி உறை போட்ட மாடல் சத்தத்தைக் குறைக்கும். அக்கம்பக்கத்தாருக்கு அதுவே பெரிய உபகாரம்.

குண்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இப்போது பி.சி.பி.க்கு 'ஸ்லக்' என்று துப்பாக்கித் தோட்டா வடிவில் குண்டுகள் வருகின்றன. தூரத்துக்கு நன்றாகப் போகும். அதனால்தான் கொல்லையில் வேண்டாம் என்கிறேன். பழைய இடுப்பு சிறுத்த குண்டு காற்றில் உரசி வேகத்தைச் சீக்கிரம் இழந்துவிடும். தவறிப் போனால் அந்தக் குறையே நமக்குக் காவல். ஜே.எஸ்.பி., எச் அண்ட் என் போன்ற நிறுவனங்களின் குண்டுகளில் மூன்று நான்கு வகைகளைச் சின்ன டப்பாவாக வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு குண்டு பிடிக்கும், ஏன் என்று கேட்கக் கூடாது.

துப்பாக்கி வந்ததும் நேராக இகுவானாவைத் தேடிப் போகாதீர்கள். ஸ்கோப் குழலுக்கு மேலே ஒன்றே முக்கால் அங்குல உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. 75 அடியில் சரியாக விழும்படி ஸ்கோப்பைத் திருத்தியிருந்தால், 30 அடியில் குண்டு குறி வைத்த இடத்துக்கு அரை அங்குலத்துக்கும் அதிகமாகக் கீழே விழும். 15 அடியில் ஒரு அங்குலம் கீழே. 'இவ்வளவு கிட்டத்தில் எப்படித் தப்பும்' என்று எல்லாரும் ஏமாறுவது இங்கேதான். படகுத்துறையில் நான் தாடையை உடைத்ததற்குக் கன்னத் தட்டு பாதிக் காரணம், மீதி இந்த அரை அங்குலம். அட்டையில் ஒரு பென்னி காசை வைத்து வட்டம் வரையுங்கள். 15, 30, 45, 60, 75 அடி என்று ஒவ்வொரு தூரத்திலும் எவ்வளவு ஏற்றிக் குறி வைக்க வேண்டும் என்று எழுதி, துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். எந்தத் தூரத்தில் ஐந்துக்கு ஐந்தும் அந்த வட்டத்துக்குள் விழுகிறதோ, அதுதான் உங்கள் எல்லை. எனக்கு ஸ்பிரிங்கில் 45 அடி, பி.சி.பி.யில் 75. அதற்கு மேலே எவ்வளவு பெரிய இகுவானா நின்றாலும் பார்த்து ரசிப்பதோடு சரி.

இப்போது முக்கியமான விஷயம், இகுவானாவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது. 2019 ஜூலையில் போகா ரட்டோனில் இகுவானா சுட வந்தவர்களின் குண்டு, அங்கே நீச்சல் குளம் சுத்தம் செய்துகொண்டிருந்த தொழிலாளியின் காலில் பாய்ந்தது. முடிந்தால் உங்கள் நிலத்தில் இகுவானாவைக் கொல்லுங்கள் என்று ஃபுளோரிடா மீன், வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையம் சொன்ன சமயம் அது. பிறகு ஆணையமே, கண்ட இடத்தில் சுடச் சொல்லவில்லை, இது ஒன்றும் வைல்ட் வெஸ்ட் இல்லை என்று விளக்கம் தர வேண்டியதாயிற்று.

மரக்கிளையில் இருப்பதைச் சுடாதீர்கள். தப்பினால் குண்டு வானத்தில் போய் எங்கே இறங்கும் என்று உங்களுக்குத் தெரியாது. கால்வாய்க்கு எதிர்க்கரையில் இருப்பதையும் சுடாதீர்கள். தாழ்ந்த கோணத்தில் தண்ணீரில் பட்ட குண்டு, சின்ன வயதில் குளத்தில் ஓட்டாஞ்சல்லி விட்டோமே, அந்த மாதிரி துள்ளிப் போகும். கான்கிரீட் தடுப்புச் சுவர், படகுத்துறைத் தூண், குளத்து ஓடு எல்லாம் குண்டைத் திருப்பி உங்கள் மேலேயே அனுப்பும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுடவே கூடாது. நல்ல இடம் எது? வீட்டின் உயரமான மரமேடையில் நீங்கள், கீழே புல்தரையில் அது, பின்னால் ஈரமண் மேடு. தப்பினால் மண்ணுக்குள் போகும். அந்த மாதிரி இடம் உங்கள் கொல்லையில் இல்லையென்றால் துப்பாக்கி வாங்காதீர்கள். இதை ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன், கேட்பவர்களில் பாதிப்பேருக்கு என் பதில் இதுதான். பொறி வைத்துப் பிடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அழைத்தால் வருவார்கள். தென்னை, மாமரத் தண்டில் தகரம் சுற்றுவதும், செம்பருத்தியை எடுத்துவிட்டு அவை தொடாத செடிகளை வைப்பதும்கூட நன்றாகவே உதவும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. பச்சை இகுவானா ஃபுளோரிடாவின் சொந்த விலங்கு இல்லை. மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1960-களில் ஹயலியா, கோரல் கேபிள்ஸ், கீ பிஸ்கேன் பக்கம் முதலில் பார்த்தார்கள். கரையைக் குடைந்து வைக்கும். வெஸ்ட் பாம் பீச்சில் இவை குடைந்த பழைய அணை ஒன்றைச் சரிசெய்யவே 18 லட்சம் டாலர் ஆனது. ஆகவே சொந்த நிலத்தில், அல்லது உரிமையாளர் அனுமதியோடு, ஆண்டு முழுவதும் அனுமதிச் சீட்டு இல்லாமல் கொல்லலாம். ஆனால் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இதற்கும் உண்டு. தண்ணீரில் அமுக்குவது, ஃபிரீசரில் போடுவது, அடித்து விரட்டுவது எல்லாம் வதைதான். 2021 ஏப்ரல் 29 முதல் இது தடை செய்யப்பட்ட இனம். பாவம் என்று உயிரோடு பிடித்துக் காரில் கொண்டுபோய் ஏரிக்கரையில் விட்டால் நீங்கள்தான் குற்றவாளி. ஏர் ரைபிள் பற்றி ஊருக்கு ஊர் விதி மாறும். நகராட்சியையும் உங்கள் குடியிருப்போர் சங்கத்தையும் கேட்காமல் தொடங்காதீர்கள். 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் பெரியவர் உடன் இல்லாமல் கொடுக்கக் கூடாது.

எச்-1பி விசாவில் இருக்கும் நண்பர்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறார்கள். வெடிமருந்துத் துப்பாக்கி வைத்துக்கொள்ள இந்த விசாக்காரர்களுக்கு மத்திய சட்டத்தில் தடை உண்டு. வேட்டை உரிமம் போன்ற விலக்குகளும் உண்டு. ஏர் ரைபிளில் வெடிமருந்து இல்லாததால் அந்தச் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கியே இல்லை. ஆனால் சன்னல் வழியாகப் பார்க்கிற பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இது தெரியாது. கொல்லையில் ஒரு ஆள் ஸ்கோப் வைத்த ரைபிளோடு பதுங்கியிருக்கிறான் என்றுதான் போலீசுக்குச் சொல்வார். முதல் நாளே நாலு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிடுங்கள். வீட்டிலிருந்து கொல்லைக்கு உறையில் போட்டே கொண்டுபோங்கள். போலீஸ் வந்தால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, கையைக் காட்டிக்கொண்டு, அப்புறம் பேசுங்கள்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இகுவானாவும் நம் உடும்பும் ஒன்றில்லை. உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதன்மேல் எந்தத் துப்பாக்கியை நீட்டினாலும் ஜெயில்தான். அதோடு இந்தியாவில் .177-க்கு மேற்பட்ட குழலும், 20 ஜூலுக்கு மேற்பட்ட சக்தியும் 2016 ஆயுத விதிகள்படி உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. மேலே சொன்ன .22 கணக்கெல்லாம் அங்கே பொருந்தாது.

சுட்டபின் என்ன? விழுந்தது செத்ததா என்று தெரியாமல் கையால் தூக்காதீர்கள். வால் சாட்டை மாதிரி விளாசும், நகம் கிழிக்கும். இன்னொரு குண்டைப் போட்டுக்கொண்டு பின்பக்கமாகப் போங்கள். நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமை அசைந்தால், அசைந்ததோ என்று சந்தேகம் வந்தால்கூட, அங்கேயே மேலிருந்து இரண்டாவது குண்டு. ஒரு கண்ணிலிருந்து எதிர்ப்பக்கக் காதுக்கும், மறு கண்ணிலிருந்து இந்தப் பக்கக் காதுக்கும் கோடு போட்டால், அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில். கீழே மண் இருக்க வேண்டும், சிமென்ட் இல்லை. நான் அசையாவிட்டாலும் இரண்டாவது குண்டைப் போட்டுவிடுகிறேன். இதயம் வெகுநேரம் துடிக்கும், கால் இழுக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

உடலை இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கால்வாயில் வீசாதீர்கள். ஈயக் குண்டு உள்ளே இருக்கிறது, தின்கிற கழுகுக்கும் முதலைக்கும் அது விஷம். கரீபியன் நாட்டுக்காரர்கள் கறி சமைப்பார்கள், 'மரத்துக் கோழி' என்றே பெயர். சாப்பிட நினைத்தால் தலைப்பக்கத்தைத் தொடாமல் விட்டு, சால்மொனெல்லாவை நினைத்துப் பலகையையும் கத்தியையும் கையையும் நன்றாகக் கழுவுங்கள்.

பிறகு கரையில் இருக்கும் வளையை மண் போட்டு மூடப் போவீர்கள். மூடும் முன் ஒரு நாள் பொறுத்து, யார் உள்ளே போய் வருகிறார்கள் என்று பாருங்கள். கோஃபர் ஆமையின் வளையாக இருந்தால் அதைத் தொடுவதே ஃபுளோரிடாவில் குற்றம். ஆமை தோண்டிய வளையில் இகுவானா குடியேறுவதும் உண்டு. வளை வாய் அரை வட்டமாக, அடி தட்டையாக, முன்னால் மணல் விசிறி மாதிரி பரவியிருந்தால் அது ஆமை வீடு, விட்டுவிடுங்கள்.